நெய் வராது, கருவாடு வரும்: ஜெர்மனிக்கு ஆள் அனுப்பும் கல்வி ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னை, கோவை, திருச்சி என்று ஊருக்கு ஊர் மையம் வைத்து ஜெர்மனிக்கு மாணவர்களை அனுப்பிவைக்கும் ஆலோசகர்களுக்கு,

வணக்கம். நான் இங்கே முதுகலை படித்துக்கொண்டிருக்கிறேன். உங்களைப் போன்ற ஒரு மையத்தின் வழியாகத்தான் வந்தேன். நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுண்ட், காப்பீடு, விசா என்று காகித வேலை எதிலும் நீங்கள் குறை வைக்கவில்லை. அதற்கு நன்றி. நீங்கள் தொடாமல் விட்ட ஒரு விஷயத்துக்காக இதை எழுதுகிறேன். சாப்பாடு.

கிளம்புவதற்கு முன் நீங்கள் நடத்தும் கூட்டத்தில் சாப்பாட்டுக்கு இரண்டு வாக்கியம்தான் கிடைக்கிறது. "இந்தியக் கடை எல்லா ஊர்லயும் இருக்கு." "பொடி, ஊறுகாய் எடுத்துட்டுப் போயிடுங்க, சமாளிச்சிடலாம்." அதோடு வங்கி அட்டை பற்றிய அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுகிறீர்கள். உங்கள் கணக்கில் சாப்பாடு என்பது பெட்டியில் அடைக்கும் சாமான். இங்கே வந்து பார்த்தால் அது நேரத்தோடும் அடுப்போடும் பணத்தோடும் தினமும் மல்லுக்கட்டும் வேலை. விசா ஒரு முறைதான் வாங்க வேண்டும். பசி தினமும் மூன்று வேளை வருகிறது.

சரி, பெட்டியிலிருந்தே தொடங்குவோம். அந்த விஷயமாவது உங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியும் பாலும், அவற்றில் செய்த பொருள்களும் கொண்டுவரக் கூடாது. ஆகவே அம்மா உருக்கிக் கொடுத்த நெய்க்கு அனுமதி இல்லை. மட்டன் தொக்கு, கோழி ஊறுகாய், பால் பவுடர் எதற்கும் இல்லை. 2019 டிசம்பரிலிருந்து பச்சைக் காய்கறி, பழம், இலைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். விலக்கு ஐந்து பழங்களுக்கு மட்டும்: அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை. கறிவேப்பிலைக் கொத்தை ஈரத்துணியில் சுற்றி எடுத்துவந்தால் விமான நிலையத்துக் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். வேடிக்கை என்னவென்றால், மீன் பொருள்களை ஆளுக்கு 20 கிலோ வரை அனுமதிக்கிறார்கள். கருவாடு தாராளமாக வரலாம். வந்த பிறகு அதை வறுக்கும்போது விடுதியில் என்ன ஆகும் என்பது வேறு கதை.

பெற்றோரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். 23 கிலோ பெட்டியில் பாதியை எண்ணெய்ப் பலகாரத்தால் நிரப்புகிறார்கள், ஸ்வெட்டருக்கு இடம் இருப்பதில்லை. கனமில்லாத, இங்கே கிடைக்காத பொருளுக்குத்தான் பெட்டியில் இடம் தர வேண்டும்: வீட்டுச் சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல். துவரம்பருப்பும் உளுந்தும் இங்கேயே கிடைக்கும்.

அடுத்தது பணம். பிளாக்டு அக்கவுண்டில் வருடத்துக்கு 11,904 யூரோ போடச் சொல்கிறீர்கள். மாதம் 992 யூரோ கைக்கு வரும். அது அரசு வைத்த கணக்கு, உங்கள் தவறு இல்லை. ஆனால் "அதுல தாராளமா வாழலாம்" என்று நீங்கள் சொல்வது எல்லா ஊருக்கும் பொருந்தாது. மியூனிக்கில் ஒரு சிறு அறைக்கே அதில் பெரும்பங்கு போய்விடும். வாடகையைக் குறைக்க முடியாது, காப்பீட்டைக் குறைக்க முடியாது. பையன்களும் பெண்களும் கை வைப்பது சாப்பாட்டில்தான். காலையில் ஒன்றும் இல்லை, மதியம் ஒரு ரொட்டி, இரவு நூடுல்ஸ். வீட்டில் கேட்டால் "சாப்பிட்டேன்மா" என்பார்கள். வீடியோ கால் வந்தால் கேமராவை முகத்துக்கு மட்டும் காட்டுவார்கள். இதை நான் அறிந்தவர்கள் எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். சிலர் மாலை வேலைக்கு உணவகத்தைத் தேடுவதே ஒரு வேளைச் சாப்பாடு கிடைக்கும் என்பதற்காகத்தான். மாணவர்கள் வருடத்தில் 140 முழுநாள் வேலை பார்க்கலாம் என்று ஸ்லைடில் போட்டீர்களே, அந்த நாள்களின் பின்னால் இதுவும் இருக்கிறது.

இதற்கெல்லாம் பாதி மருந்து மென்சா. அதாவது பல்கலைக்கழக உணவுக்கூடம். அதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆதங்கம். ஸ்டூடியெரெண்டன்வெர்க் என்ற அமைப்பு இவற்றை நடத்துகிறது. ஒவ்வொரு செமஸ்டரும் நாம் கட்டும் தொகையில் ஒரு பங்கு அதற்குத்தான் போகிறது. ஒரே தட்டுக்கு மாணவர், ஊழியர், விருந்தினர் என்று மூன்று விலை. மாணவர் விலைதான் குறைவு. வெளியே அந்தக் காசுக்குச் சூடான முழுச் சாப்பாடு கிடைப்பது அபூர்வம். பணம் கட்டிவிட்டுப் போகாமல் இருப்பது நம் ஆட்கள்தான்.

போகாததற்குச் சொல்லும் காரணம், "அங்கே சைவம் இருக்காது." அது பழைய கதை. பெர்லினில் 2021 அக்டோபரிலிருந்து மாணவர் உணவுக்கூடங்களின் பட்டியலில் 96 விழுக்காடு சைவமும் வீகனும் (பால், முட்டைகூட இல்லாதது) என்று மாற்றிவிட்டார்கள். இறைச்சிக்கு 2, மீனுக்கு 2. இப்போது முனகுவது அசைவக்காரர்கள்! எல்லா ஊரும் பெர்லின் இல்லை, ஆனாலும் தினம் ஒரு சைவத் தட்டாவது இல்லாத மென்சாவை நான் பார்த்ததில்லை. அந்தத் தட்டில் என்ன இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். உருளைக்கிழங்கு இருக்கும். நாளைக்கும் உருளைக்கிழங்கு இருக்கும். பாஸ்தா, பயறு போட்ட கெட்டிச் சூப், சில நாள் சோறு. சோற்றின் மேல் ஊற்றுவதற்குக் குழம்பு என்று ஒன்றை அவர்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். காரம் அறவே கிடையாது. அதற்குத்தான் சட்டைப்பையில் பருப்புப் பொடி.

பட்டியலில் ஒவ்வோர் உணவுக்கும் பக்கத்தில் சிறு எண்களும் எழுத்துகளும் இருக்கும். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்பது 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியச் சட்டம். பல மென்சாக்கள் அதோடு பன்றி, மாடு, ஜெலட்டின், மது சேர்ந்திருப்பதையும் குறிக்கின்றன. அதைப் படிக்க ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். முட்டைகூடச் சாப்பிடாதவர்களுக்கு இன்னும் ஒன்று: இங்கே சைவம் என்றால் முட்டை உண்டு. சில சீஸ்களை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டைச் சேர்ப்பார்கள். பார்மிசானில் எப்போதும் அதுதான். சந்தேகம் வந்தால் வீகன் என்று போட்டதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், தீர்ந்தது.

மென்சாவுக்குப் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு விலை மட்டும் காரணம் இல்லை. பன்னிரண்டு மணி ஆனால் ஆய்வகத்தில் யாராவது ஒருவர் "மென்சா?" என்பார், மொத்தக் கூட்டமும் எழுந்து போகும். எந்தப் பேராசிரியர் எப்படித் தேர்வு வைப்பார், எங்கே மாணவர் வேலை காலியாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த மேசையில்தான் பேசப்படும். நம் ஜெர்மனும் அங்கேதான் திருந்தும். டிபன் டப்பாவோடு தனியாக மைக்ரோவேவ் பக்கம் ஒதுங்குகிறவர்களுக்கு இவை எதுவும் காதில் விழுவதில்லை. சாப்பிட முடியவில்லை என்றால் ஒரு சூப்பாவது வாங்கிக்கொண்டு உட்காரட்டும். பெரும்பாலான இடங்களில் இரண்டு மணி, இரண்டரை மணிக்கு மூடிவிடுவார்கள். இரவுச் சாப்பாடு நம் பொறுப்பு.

அங்கேதான் பொதுச் சமையலறை வருகிறது. ஓர் அடுப்பை நாலைந்து பேர் பங்குபோட வேண்டும். குளிர்ப்பெட்டியில் ஆளுக்கு ஓர் அடுக்கு. ஜெர்மன்காரர்கள் பலர் இரவில் ரொட்டியும் சீஸும் தின்று கால் மணியில் முடித்துவிடுவார்கள். நாம் ஒன்பது மணிக்குக் குக்கர் வைத்து, அடுப்பில் இரண்டு பர்னரைப் பிடித்துக்கொண்டு, மிளகாய் தாளிப்போம். பல விடுதிகளில் புகை உணர்கருவி நேராகத் தீயணைப்பு நிலையத்தோடு இணைந்திருக்கும். புகை வந்ததும் பதறிப்போய்த் தாழ்வாரத்துக் கதவைத் திறந்தால் அங்கிருக்கும் கருவியும் அலறும். திறக்க வேண்டியது ஜன்னலை. வண்டி வந்துவிட்டால் செலவு நம் தலையில் விழலாம். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரையிலும், ஞாயிறு முழுக்கவும் சத்தம் ஆகாது என்பதால் மிக்ஸி அரைக்கவும் நேரம் பார்க்க வேண்டும். மிக்ஸியைக் கொண்டுவரலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான், பெரிய மூன்று முள் பிளக்குக்கு ஓர் அடாப்டர் போதும். அலுமினியக் குக்கர் வேண்டாம், இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடேறாது. குளிர்காலத்தில் மாவு புளிக்காது. ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு, பாத்திரத்தை இரவு முழுக்க உள்ளே வைத்தால் பொங்கிவிடும். பால்சோற்றுக்கென்று சூப்பர் மார்க்கெட்டில் விற்கும் குட்டை அரிசியில் வெண்பொங்கல் நன்றாகவே குழையும்.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. பொது விடுமுறைக்கும் கிடையாது. ரயில் நிலையத்துக் கடைகள் சில திறந்திருக்கும், அங்கே விலை அதிகம். சனிக்கிழமையே வாங்கி வைக்க வேண்டும் என்பதைச் சனிக்கிழமை வந்து இறங்குகிறவருக்கு யார் சொல்வது?

"இந்தியக் கடை" என்று நீங்கள் சொல்லும் பலவற்றை நடத்துபவர்கள் ஈழத்தமிழர்கள். எண்பதுகளில் அகதிகளாக வந்து கால் ஊன்றியவர்கள். முருங்கைக்காய், கறிவேப்பிலை, சிவப்பரிசி, இடியாப்ப மா எல்லாம் அவர்கள் கடையில் கிடைக்கும். ஹம் நகரத்தில் அவர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-ல் குடமுழுக்கு நடந்தது. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும். அருகில் படிக்கிறவர்களுக்கு இப்படி ஓர் இடம் இருக்கிறது என்று சொல்லக்கூட உங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் உருவாக்கும் வாட்ஸ்அப் குழுக்களில் அறை தேடும்போதே "சைவம் மட்டும்" என்று போடுகிறார்கள். உணவுப் பழக்கம் அவரவர் விருப்பம், சரி. ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் சில சமயம் வேறு விசாரணை ஒளிந்திருக்கிறது என்பது நமக்குள் தெரியாததா? குழுவை நடத்துகிறவர்கள் நீங்கள். கண்டிக்கலாம்.

நான் கேட்பது இதுதான். கூட்டத்தில் ஒரு மணி நேரம் சாப்பாட்டுக்கு ஒதுக்குங்கள். விசா நேர்காணலுக்குப் பயிற்சி கொடுப்பதுபோல, விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து சோறு, பருப்பு, ரசம், இரண்டு பொரியல் செய்யப் பழகச் சொல்லுங்கள். பையன்களுக்கு அழுத்திச் சொல்லுங்கள், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் அவர்களை அடுப்பங்கரைப் பக்கமே விட்டிருக்க மாட்டார்கள். அப்புறம், பேசுவதற்கு உங்கள் ஊழியர்கள் வேண்டாம். இங்கே படித்துக்கொண்டிருக்கும் ஒருவரைக் காணொளியில் கூப்பிடுங்கள். குளிர்கால செமஸ்டருக்கு வருகிறவர்கள் செப்டம்பரில் கிளம்பத் தொடங்குவார்கள், அதனால் ஆகஸ்டிலேயே வைத்துவிடுவது நல்லது. என்னைக் கூப்பிட்டாலும் வருகிறேன். ஞாயிறு என்றால் எந்த நேரமும் சரி, கடைக்குப் போகும் வேலை எனக்கும் இருக்காது.

இப்படிக்கு,
ஜெர்மனியிலிருந்து ஒரு முன்னாள் வாடிக்கையாளர்