மறதிக்காகச் சேர்த்தீர்கள், மறதிக்காக நீக்கினீர்கள்

மதிப்பிற்குரிய ஆய்வுக் குழுவினருக்கும், அந்த ஆய்வுக்கு ஒப்புதல் வழங்கிய நெறிமுறைக் குழுவினருக்கும்,

வணக்கம். ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மறதி, அடங்காத துறுதுறுப்பு ஆகியவை சேர்ந்த நிலை) உள்ள இளையோரின் போதைப் பழக்கம் பற்றிய உங்கள் ஆய்விலிருந்து என் தம்பியை நீக்கிவிட்டதாகச் சென்ற வாரம் கடிதம் வந்தது. குறித்த நாளில் வரவில்லை, மாற்றிக் கொடுத்த நாளிலும் வரவில்லை என்பது காரணம். விதி அதுதான், சம்மதப் படிவத்திலேயே இருக்கிறது. அவனுக்கு மட்டும் சலுகை கேட்டு நான் எழுதவில்லை. அந்த விதியையே மாற்றுங்கள் என்று கேட்கிறேன்.

முதல் நாள் அவனிடம் நீட்டிய கேள்வித்தாளில், சந்திப்புகளையும் ஒப்புக்கொண்ட வேலைகளையும் மறந்துவிடுவது உண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. ‘மிக அடிக்கடி’ என்ற கட்டத்தில், பேனா முனை தாளின் மறுபக்கம் தெரியும் அளவுக்கு அழுத்திக் குறியிட்டான். அதற்கு மதிப்பெண் போட்டு, தகுதியானவன் என்று சேர்த்துக்கொண்டீர்கள். பிறகு, சந்திப்பை மறந்தான் என்று நீக்கிவிட்டீர்கள். எந்த அறிகுறியைக் காட்டி உள்ளே வந்தானோ, அதே அறிகுறிக்காக வெளியே அனுப்பப்பட்டான். உங்களில் ஒருவர்கூட இதைக் கவனிக்கவில்லையா? கவனக்குறைவு எங்கள் வீட்டில் மட்டும்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

இப்படி நீங்கியவர்கள் போக மிஞ்சுவது யார்? நேரம் தவறாதவர்கள், அல்லது கையைப் பிடித்து அழைத்துவர ஆள் இருப்பவர்கள். பழக்கம் முற்றியவன்தான் முதலில் விடுபடுகிறான்.

‘ஏடிஎச்டிக்கு மருந்து கொடுத்தால் அதுவே போதையில் கொண்டுபோய் விடுமா’ என்று எல்லாப் பெற்றோரும் கேட்கிறார்கள். சிறுவயதில் மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஏடிஎச்டி மருந்துகளை எடுத்தவர்களுக்குப் பின்னாளில் போதைச் சிக்கல் வரும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்றது பல ஆய்வுகளை ஒன்றாக்கி அலசி 2003-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு. கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை என்றது 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு. மறு ஆண்டே ஸ்வீடன் நாட்டு மருத்துவப் பதிவேடுகளை வைத்து, மருந்து எடுத்தவர்களிடம் போதைச் சிக்கல் 31 சதவீதம் குறைவு என்றார்கள். பதிவேட்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சந்திப்புக்கு வரவில்லை என்று அது யாரையும் விரட்டுவதில்லை. ஆனால் ஒருவன் ஏன் மருந்தை நிறுத்தினான், ஏன் கஞ்சாவைத் தொட்டான் என்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவனைத்தான் நீங்கள் அனுப்பிவிட்டீர்கள்.

சிகிச்சையிலும் இதே கதைதான். போதை மீட்பு மையத்தில், முதலில் பழக்கத்தை நிறுத்தட்டும், பிறகு ஏடிஎச்டி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்கிறார்கள். மனநல மருத்துவரோ, சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வரட்டும், பிறகு மருந்து எழுதலாம் என்கிறார். போதைச் சிகிச்சைக்கு வருவோரில் சுமார் 23 சதவீதம் பேருக்கு ஏடிஎச்டி இருப்பதாக 2012-இலேயே ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டுச் சொல்லிவிட்டது. நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இத்தனை பேரையும் எந்த வாசலில் நிற்கச் சொல்கிறீர்கள்? ஒருவேளை, பழக்கம் தானாக விட்ட பிறகு, மறதியும் தானாகத் தெளிந்த பிறகு, நல்ல உடை உடுத்திக்கொண்டு உங்கள் கருத்தரங்குக்கு வர வேண்டுமோ?

மன்னியுங்கள், கேட்க வந்தது அதுவல்ல. வரத் தவறியவர்களை ஆய்விலிருந்து நீக்காதீர்கள். முந்தைய நாளும் அன்று காலையும் தொலைபேசியில் நினைவூட்டுங்கள். தாமதமாக வந்தாலும் சேர்த்துக்கொள்ளுங்கள். வராதவனைத் தேடி ஆய்வு உதவியாளர் ஒருவரை அனுப்புங்கள். கேள்வித்தாளை ஒரே அமர்வில் முடிக்கச் சொல்லாமல் பிரித்துக் கொடுங்கள். இதற்கெல்லாம் நிதி இல்லை என்றால், எத்தனை பேரை எந்தக் காரணத்துக்காக நீக்கினீர்கள் என்பதையாவது, முடிவுகளை வெளியிடும்போது முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.

நெறிமுறைக் குழுவினர் அடுத்த கூட்டத்தில் இந்த விதியை மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தம்பி இன்னமும் பங்கேற்கத் தயாராக இருக்கிறான். நீக்காதீர்கள்.

இப்படிக்கு,
நீக்கப்பட்ட பங்கேற்பாளர் ஒருவனின் அக்கா