கைதட்டிப் பார்த்தால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பச்சைக் குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க, கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இன்னமும் கைதட்டுகிற மருத்துவர்கள் உண்டு. குழந்தை திடுக்கிட்டால் 'கேட்குது, போங்க' என்று அனுப்பிவிடுகிறார்கள். முகத்தில் படும் காற்றுக்கும் கட்டில் அதிர்வுக்கும்கூடக் குழந்தை திடுக்கிடும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இதில் தெரியவே தெரியாது.

எடை குறைவு, கடுமையான மஞ்சள் காமாலை, சொந்தத்தில் திருமணம் என்றால் மட்டும் பார்க்கலாம் என்பார்கள் சிலர். பிறவியிலேயே செவித்திறன் குறைந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இப்படி எந்தக் காரணமும் இருப்பதில்லை.

அதனால் எல்லாக் குழந்தைக்கும் ஓஏஇ என்ற செவிப் பரிசோதனை தேவை. இதில் காதில் ஒரு சிறு முனையைப் பொருத்தி மெல்லிய ஒலி அனுப்புவார்கள். பதிலுக்கு உட்செவி எழுப்பும் ஒலியை அதிலுள்ள மைக் பிடிக்கும். சில நிமிட வேலை. முதல் நாளே எடுத்தால் காதுக்குழாயில் அடைத்திருக்கும் வெண்மாவாலும் (பிறந்த குழந்தையின் தோலில் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு) நீராலும் 'ரெஃபர்', அதாவது 'தேறவில்லை, மறுபடி பார்க்கணும்' என்று வரக்கூடும். ஓடுகிற ஃபேன், பார்க்க வந்தவர்களின் பேச்சு, அளவு சேராத முனை எல்லாமே இதே வேலையைச் செய்யும். பழியோ மெஷின் மேல்! 24 மணி நேரம் கழித்து, டிஸ்சார்ஜுக்கு முன், பால் கொடுத்துத் தூங்கவைத்து, கதவடைத்த அறையில் எடுத்தால் வீண் ரெஃபர் வெகுவாகக் குறையும்.

ஐந்து நாளுக்கு மேல் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தைக்கு ஓஏஇ மட்டும் போதாது. உட்செவி சரியாக இருந்தும் நரம்பு ஒலியைக் கடத்தாமல் போகலாம். அதைத் தானியங்கி பெராதான் காட்டும்; ஒலி கேட்கும்போது செவி நரம்பில் எழும் மின் அலைகளைத் தலையில் ஒட்டும் மின்முனைகளால் பதிவுசெய்யும் பரிசோதனை அது.

ரெஃபர் என்றால் செவிடு என்று அர்த்தமில்லை. ஒரு மாதத்துக்குள், தவறினால் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு வரும்போதாவது, மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் ரெஃபர் என்றால் மூன்று மாதத்துக்குள் முழு பெரா, ஆறு மாதத்துக்குள் காது கேட்கும் கருவி. மூன்று மாதக் குழந்தை பால் குடித்துவிட்டுத் தானாகத் தூங்கும். வளர்ந்துவிட்டால் பெராவுக்குத் தூக்க மருந்து தேவைப்படும். 'அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம்' என்று மூன்று வயதுவரை காத்திருக்கச் சொல்வதை மருத்துவர்கள் விட வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் வலது காது, இடது காது, மறுபரிசோதனைத் தேதி என மூன்று கட்டங்கள் சேர்க்கட்டும். 'பாஸ்' ஆன குழந்தைக்கும் பின்னால் மூளைக்காய்ச்சல் வந்தால், குணமான கையோடு காதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
செவித்திறன் பரிசோதகர்கள் சிலர்,
கடலூர்