மழை பெய்ததும் போன் செய்கிறேன்

ஏற்காடு
பிப்ரவரி 11

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்கு என் வலது முழங்கால்தான் காரணம். அந்தக் கதைக்கு வருகிறேன், பொறு.

மே மாதம் கோடை விழாவுக்குப் பேரப்பிள்ளைகளோடு வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். மலர்க் கண்காட்சி, நாய்க் கண்காட்சி, படகுப் போட்டி எல்லாம் உண்டுதான். ஆனால் அந்த நாட்களில் ஏரியைச் சுற்றி வண்டி நகராது. காய்கறி வாங்கக்கூட நான் வெளியே தலைகாட்டுவதில்லை. வேறொரு யோசனை வைத்திருக்கிறேன்.

முதலில் முழங்கால். இங்கே குடிவந்து மூன்று வருடம் ஆகியும் நான் ஒருமுறைகூடப் படகில் ஏறியதில்லை. உள்ளூர்க்காரர்கள் அப்படித்தான், ஏரியைத் தாண்டி மாவு மில்லுக்குப் போவோம், ஏரியைப் பார்க்க மாட்டோம். பொங்கல் லீவில் தங்கையின் பேரன் வந்திருந்தான். மோட்டார் படகு வேண்டாம், மிதி படகுதான் வேண்டும் என்று அடம். சரி என்று ஏறினேன். ஏரியின் நடுவில் இருக்கும் மான் பூங்கா வரை நன்றாகத்தான் மிதித்தேன். அங்கே முழங்கால் பிடித்துக்கொண்டது. பையனுக்குக் கால் எட்டவில்லை. நாங்கள் அப்படியே மெல்ல ஒரு சுற்று சுற்றினோம். கடைசியில் துடுப்புப் படகுக்காரர் ஒருவர் வந்து, கயிறு கட்டி, கரை வரை இழுத்துக்கொண்டு போனார். கரையில் மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த கூட்டம் கைதட்டியது. பத்து நாள் நடக்க முடியவில்லை. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். தண்ணீருக்கு நடுவே இருந்து பார்க்கும்போது கடைகளும் லாட்ஜுகளும் சின்னதாகிவிட்டன, பின்னால் சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக எழுந்து நின்றன. ஏரியும் காடும் சேர்ந்த பெயர் இந்த ஊருக்கு ஏன் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

1981இல் கல்லூரியிலிருந்து வந்தோமே, நினைவிருக்கிறதா? கையில் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். இருபது கொண்டை ஊசி வளைவில் எட்டாவதிலேயே என் தாவணியைப் பாழாக்கினாய். இன்றும் அதே இருபதுதான். வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை இருக்கிறது. எட்டைக் கடக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

இப்போது நம் இருவருக்கும் சேர்த்து நான்கு கெட்டுப்போன முழங்கால். ஆகவே ஊரை அதற்கேற்றபடி பிரித்து வைத்திருக்கிறேன். கிளியூர் அருவி கிடையாது. இறங்குகிற படிகளைவிடத் திரும்பி ஏறுகிற படிகள்தான் ஆளைக் கொல்லும். தவிர, ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் அங்கே போய் விழுகிறது. மழைக்காலம் முடிந்து சில மாதமானால் முந்நூறு அடிப் பாறை மட்டும்தான் மிச்சம். லேடீஸ் சீட்டுக்கு வெயில் தாழப் போகலாம். அதிகம் நடக்க வேண்டியதில்லை. நாம் ஏறி வந்த மலைப்பாதை கீழே பாம்பாக நெளியும், இருட்டியதும் சேலம் முழுக்க விளக்காக எரியும். பகோடா பாயின்ட் என்கிற இன்னொரு காட்சிமுனையும் உண்டு, அது உன் விருப்பம்.

தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் தோட்டத்துக்குக் கட்டாயம் போவோம். பெரிய பெரிய பூவை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடுகிறார்கள். அங்கே பல பூக்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான். தாவரவியல் படித்த உனக்கு அரை நாள் போதாது.

சேர்வராயன் கோயிலுக்கு மலையுச்சி வரை கார் போகும். 5,326 அடி உயரம், மேலே மைதானம்போல வெட்டவெளி. சாமி இருப்பது குகைக்குள், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்று இங்கே எல்லோரும் நம்புகிறார்கள். எங்கள் வீட்டுக்கு உதவிக்கு வரும் அம்மா மலையாளி இனத்தவர், கேரளக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று, ஏதோ போன தலைமுறைக் கதைபோலச் சொல்வார். மே மாதத் திருவிழாவுக்கு மட்டும் அவருக்கு லீவு உறுதி. நான் கேட்டாலும் நிற்க மாட்டார்.

சரி, என் யோசனைக்கு வருகிறேன். வீட்டுக்குப் பின்னால் காபித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த செடி, இன்று கண்ணுக்கெட்டிய தூரமெல்லாம் அதுதான். அராபிகா ரகம், சில்வர் ஓக் நிழலில், மரத்தைச் சுற்றி மிளகுக் கொடி. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்ய வேண்டும். அதுவரை மொட்டுகள் பச்சையாக அப்படியே தூங்கும். மழை பெய்த ஒன்பதாம் பத்தாம் நாள் தோட்டம் மொத்தமும் ஒரே இரவில் வெள்ளையாகிவிடும். மல்லிகை வாசனை, கூடவே தேனீக்களின் இரைச்சல். மூன்றாம் நாள் பூ பழுத்து உதிரத் தொடங்கிவிடும். சுற்றுலா வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்த்ததே இல்லை, தேதி போட்டு வைக்க முடியாதே! போன வருடம் நான் தனியாகக் கொல்லைப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். நீ இருந்திருந்தால் இவ்வளவு பேசாமல் இருந்திருக்க மாட்டேன்.

அதனால் டிக்கெட் எதுவும் எடுத்துவிடாதே. பையைக் கட்டித் தயாராக வை. மழை பெய்த அன்றே போன் செய்கிறேன், எட்டு நாளில் இங்கே இரு. பேரப்பிள்ளைகளுக்குப் பரீட்சை என்பாய். மே மாதம் அவர்கள் அப்பா அழைத்துவந்து படகில் ஏற்றட்டும். இந்தமுறை நீ மட்டும் வா.

குப்பனூர் வழியாக வந்தால் அந்த இருபது வளைவும் இல்லை. இருந்தாலும் எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள். அப்புறம், உங்கள் ஊர் வைத்தியர் காய்ச்சித் தரும் மூட்டுத் தைலம் இரண்டு பாட்டில், மறந்துவிடாதே.

அன்புடன்,
கமலா