தீத்தடுப்புத் தரவு: மாதிரிகளில் ஒரே எழுத்துமுறை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கட்டடங்களின் கணினி மாதிரிகளை மென்பொருள்களுக்கிடையே பரிமாறப் பயன்படும் ஐஎஃப்சி கோப்பில் தீத்தாங்கு தரத்தைக் குறிக்கும் ‘ஃபயர்ரேட்டிங்’ வெறும் எழுத்துப் புலம் என்பதால், ஒரே சுவருக்கு ஒருவர் ‘60 நிமிடம்’ என்றும் மற்றொருவர் ‘1 மணி’ என்றும் எழுதினால் மென்பொருள் அவற்றை வெவ்வேறு தரங்களாகவே கொள்ளும். ஐரோப்பியத் திட்டங்களின் மாதிரிகளில் இனி ஈஎன் 13501-2 என்னும் ஐரோப்பியத் தரநிலையின் தீத்தாங்கு வகைப்பாட்டின்படி ‘ஈஐ 60’ போன்ற வடிவத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டுகிறோம். இதில் ஈ என்பது தீப்பிழம்பும் சூடான வாயுவும் ஊடுருவாமல் தடுப்பதையும், ஐ என்பது மறுபக்கத்திற்கு வெப்பம் கடத்தாமையையும் குறிக்கும். நிமிடக் கணக்கை மட்டும் எழுதினால் உயிர்காக்கும் இந்த வேறுபாடே தொலைந்துவிடும்.

கதவுகளுக்குத் தானாக மூடுதல், புகைத்தடுப்பு ஆகியவற்றிற்குத் தனிப் புலங்கள் இருப்பதால் அவற்றைக் கதவின் பெயரோடு சேர்க்க வேண்டாம். மாதிரியைப் பதிவேற்றும் முன் மாதிரியில் இருக்க வேண்டிய தரவுகளை வரையறுக்கும் ஐடிஎஸ் கோப்பைக் கொண்டு சரிபார்க்கவும்.