முரணையைக் காட்டிக் கொடுத்தவர்களுக்கு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து எல்லாருக்கும் வணக்கமுங்க.

என் மாடியறைக் காந்தாரி மிளகாய்ச் செடிகள் முரணை என்கிற இலைச்சுருட்டலுக்குத் தப்பிப் பிழைத்துவிட்டன. 30 பையில் 28 நிற்கிறது. போன வாரம் கால் கிலோ பறித்தேன். உதவியவர்களில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை கொடுத்தாயிற்று. மற்றவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இருப்பதால்தான் இந்த மடல்.

தையல் கடைக்காரன் எதற்கு வீட்டுக்குள் மிளகாய் போடுகிறான் என்று கேட்காத ஆள் இல்லை. வெளியில் வைத்தால் மயில் விடாது. மயிலுக்குத் தப்பினால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஒடித்துப் போடும். அதனால் ஜன்னல் பக்கம் பைகளை அடுக்கி, மேலே எல்இடி குழல் விளக்கு கட்டினேன்.

மாசி பிறந்ததும் இலை சுருள ஆரம்பித்தது. தாகம் என்று நினைத்துத் தண்ணீரைக் கூட்டினேன். சத்து இல்லையோ என்று புண்ணாக்குக் கரைசல் ஊற்றினேன். வேப்பெண்ணெயும் அடித்துப் பார்த்தேன். ஒரு கடையில் இலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் இமிடாகுளோப்ரிட் என்ற பூச்சி மருந்து கொடுத்தார்கள். அதை அடித்தபின் இன்னும் மோசமானது. கடைப் பெயர் வேண்டாம், கேட்டு வாங்கியவன் நான்தான்.

முதல் நன்றி மச்சானுக்கு. விளக்கு உச்சி இலையைத் தொடாத குறையாகத் தொங்குவதைப் பார்த்து, ஒன்றரை முழம் ஏற்றிக் கட்டிவிட்டுப் போனார். உச்சியில் ஓரம் மேலே மடிந்து தோணி மாதிரி நின்ற இலைகளுக்கு அதுதான் வைத்தியம், நாலு நாளில் புது இலை நேராக வந்தது. ஆனால் விளக்குக்கு எட்டாத மூலையில் இருந்த பைகளிலும் கொழுந்து சுருண்டிருந்ததே, அதற்கு அவரிடம் பதில் இல்லை.

பதில் எருத்தேம்பதி ஐயாவிடம் இருந்தது. நாற்பது வருஷம் மிளகாய் போட்டவர், பேத்திக்குப் பாவாடை தைக்கக் கொடுக்க வந்திருந்தார். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "மேல சுருண்டாப் பேனு, கீழ சுருண்டா முரணை. உனக்கு எப்படிச் சுருண்டிருக்குது?"

பேன் என்று அவர் சொன்னது இலைப்பேன் பூச்சியை; முரணை என்றால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப் பேனால் வருகிற சுருட்டல். எனக்குத் தெரியவில்லை. மூன்று வாரமாகத் தண்ணீரும் மருந்தும் ஊற்றியவனுக்கு இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று தெரியவில்லை! ஐயா முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்து பார்த்தார். ஓரம் கீழே மடிந்து, கவிழ்த்துப் போட்ட தோணி மாதிரி இருந்தது. இலை ஒடுங்கி, காம்பு மட்டும் எலி வால் மாதிரி நீண்டிருந்தது. "முரணையேதான்" என்றார்.

நான் சுருண்ட பெரிய இலையைப் பிய்த்து அந்தச் சிலந்திப் பேனைத் தேடினேன், ஒன்றும் இல்லை. அங்கே இருக்காது, தின்றுவிட்டுக் கொழுந்துக்கு ஏறியிருக்கும் என்றார். நகைப் பட்டறை ஆசாரி அண்ணன் தன் லென்ஸைக் கொடுத்தார். இன்னும் விரியாத கொழுந்தின் அடியில் வைத்துப் பார்த்தபோது, நடு நரம்பை ஒட்டி மஞ்சள் புள்ளிகள் ஊர்ந்தன. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். பக்கத்தில் முட்டைகள், வெள்ளைப் பொட்டு வைத்த மாதிரி. அன்று ராத்திரி எனக்கு உடம்பெல்லாம் ஊறியது.

அடுத்து கிருஷி பவன் (கேரள வேளாண்மை அலுவலகம்) மேடம். படத்தைப் பார்த்ததும் "மண்டரி" என்றார். 1998இல் தென்னையில் வந்து கேரளத்தையே கலங்கடித்ததும் மண்டரிதானே, அது எப்படி மாடிக்கு வந்தது என்று பதறிவிட்டேன். மலையாளத்தில் எல்லாச் சிலந்திப் பேனுக்கும் அதே பெயர், இது வேறு இனம் என்று சிரித்துக்கொண்டே விளக்கினார். எட்டுக் கால் உள்ளது, பூச்சியே இல்லை, அதனால்தான் கடை மருந்து கேட்கவில்லை. வெயில் காலத்தில் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை வந்துவிடும். வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு செடிக்குச் செடி போகுமாம். பஸ் ஏறுகிற மாதிரி!

நனையும் கந்தகத் தூள், 80 சதவீதம், லிட்டருக்கு 2 கிராம், இலையின் அடிப்பக்கம் நனைய, சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டு அடிக்கச் சொன்னார். நான் உடனே கிளம்பினேன். வாசல்வரை வந்து நிறுத்தி, வேப்பெண்ணெய் அடித்து எத்தனை நாள் ஆச்சு என்று கேட்டார். எண்ணெய்க்கு மேல் கந்தகம் பட்டால் இலை வெந்துவிடும், இரண்டு வாரம் பொறு என்றார். அந்த ஒரு கேள்விக்கே தனியாக ஒரு மடல் எழுதலாம். பொறுத்த நாட்களில் கொழுந்துகளைக் கிள்ளிப் பையில் கட்டி வெளியே கொண்டுபோய் எரித்தேன். அப்புறம் வாரத்துக்கு ஒன்றாக இரண்டு முறை கந்தகம். பழைய இலை நிமிரவில்லை, நிமிராதாம். புதுத் துளிர் விரிந்ததும் என் வீட்டுக்காரி கீழிருந்து அக்கம்பக்கம் கேட்கக் கூப்பிட்டுச் சொன்னாள்.

போன இரண்டு செடியைப் பற்றியும் சொல்லவேண்டும். அவற்றில் இலை மேலே சுருண்டு, நரம்பு தடித்து, செடியே குட்டையாக நின்றது. அது வெள்ளை ஈ கொண்டுவந்த வைரஸ், வைத்தியம் கிடையாது, பிடுங்கு என்று மேடம் சொன்னார். மனசு வரவில்லை. ஐயாதான் பிடுங்கினார்.

அடி இலைகளின் ஓரம் கருகியது வேறு கதை, அது எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்பு. அதற்காக வாய்க்கால் ஓரத்து மாமா ஆளியாற்றுத் தண்ணீர் கொண்டுவந்தார். 1970 பரம்பிக்குளம்-ஆளியாறு ஒப்பந்தத்தின்படி தமிழ்நாடும் கேரளமும் டிஎம்சி கணக்கில் பங்கு போடுகிற தண்ணீர், எனக்கு 20 லிட்டர் கேனில் சைக்கிளில் வந்தது. மாமா, கேன் இரண்டும் கழுவி வைத்திருக்கிறேன்.

ஜன்னலோரப் பப்பாளியின் கொழுந்திலும் அதே சுருட்டல் இருப்பதை நேற்றுதான் பார்த்தேன். ஆசாரி அண்ணா, கோவிக்காதீங்க, லென்ஸ் இன்னும் ஒரு வாரம் என்னிடமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாடியறை மிளகாய்த் தையல்காரன்