படிவத்தில் இடமில்லாத பயம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. கையால் எழுதின கடிதம் ஒன்றைப் பிரித்துக் கனகாலம். அக்காவுக்குக் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். மாமரம் மட்டும் இந்த வருஷமும் ஏமாற்றிப் போட்டுது.

நீ கடிதத்தில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். மகள் அடுத்த தேர்தலுக்குக் கண்காணிப்பாளராகப் பெயர் கொடுத்திருக்கிறாள், பெண் பிள்ளையை அனுப்பலாமா, ஆபத்தில்லையா என்பது ஒன்று. 2024 தேர்தலில் ஒரு கல்லுக்கூட விழவில்லையே, இனி அங்கே போய் வன்முறைச் சம்பவங்களை எண்ணுவதற்கு என்ன இருக்கிறது என்பது மற்றது. முதல் கேள்விக்குப் பதில், தாராளமாக அனுப்பு. இரண்டாவதுதான் என்னை மூன்று நாளாக உலைத்துக்கொண்டிருக்கிறது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், ஆறுதலாகப் படி.

2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல் அமைதியாகத்தான் போனது. 38 வேட்பாளர்கள், 1 கோடி 70 இலட்சத்துக்கு மேல் வாக்காளர்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் முதல் தடவையாக, வாக்காளர் இரண்டாவதாகக் குறித்த விருப்பையும் எண்ணும் நிலை வந்தும் தெருவில் ஒரு கலகம் இல்லை. இலங்கையில் இப்படி ஒரு நாளைப் பார்ப்பேன் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் மச்சான், அன்றிரவு ஊரடங்கு போட்டார்கள் என்பதையும் மறந்துவிடாதே. சண்டை நடக்கவில்லை, நடக்கலாம் என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

1981ஐ நினைத்துப் பார். மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4. மே 31 அன்று யாழ்ப்பாணம் நாச்சிமார் கோயிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் பிரசாரக் கூட்டம், அங்கே பொலிஸார் சுடப்பட்டார்கள், அதற்குப் பிறகு ஊர் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு எங்கள் யாழ்ப்பாண நூலகம் போனது. அந்தச் சாம்பலை நீயும் நானும் சைக்கிளில் போய்ப் பார்த்தோம். நூலகத்தை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள், அது ஒரு தேர்தல் பிரசார வாரத்தில் நடந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒவ்வொரு சம்பவத்தையும் நாள், நேரம், இடம் போட்டு எழுதிவைக்க எந்தக் கட்சியையும் சேராத ஓர் அமைப்பு அன்று இருக்கவில்லை. தேர்தல் கண்காணிப்பு அமைப்பான பெஃப்ரல் 1987இல்தான் தொடங்கியது. தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் அதற்கும் பத்து வருஷம் பிந்தி, 1997இல். நான் அந்த வேலைக்குள் கால் வைத்தது 1999இல். அந்த வருஷம் ஜனவரியில் வடமேல் மாகாண சபைத் தேர்தல் நடந்த விதத்தைப் பத்திரிகையில் வாசித்துவிட்டுத்தான் போனேன்.

முதலில் எங்களுக்குப் படிப்பித்தது சந்தேகப்படுவதற்கு. 2004 பொதுத்தேர்தல் காலம். இரவு பத்தரை மணிக்கு ஒரு அழைப்பு. "அண்ணை, ஒப்பீசைக் கொளுத்திப்போட்டாங்கள், மூன்று பேர் முடிஞ்சுது." குரல் நடுங்கியது. விடிய ஐந்து மணிக்கு நாங்கள் அங்கே நின்றோம். பசை வாளி கவிழ்ந்து கிடந்தது. பசை காய்ந்து வெள்ளைத் தோலாகத் தரையில் ஒட்டியிருந்தது. ஒரு வாங்கு பாதி கருகியிருந்தது. கட்டுப் போட்ட தலையோடு ஒரு பொடியன் படியில் இருந்தான், ஆறு தையல். யாரும் சாகவில்லை. நான்கு பேரிடம் தனித்தனியாகக் கதைத்தோம். வந்தவர்கள் ஆறு பேர் என்றார் ஒருவர், இருபது என்றார் மற்றவர். இலக்கத் தகடு இல்லாத இரண்டு மோட்டார் சைக்கிள் என்பதில் மட்டும் நான்கு பேரும் ஒன்றுபட்டார்கள். நாங்கள் எழுதினதும் அதைத்தான். எந்தக் கட்சி என்று எழுதவில்லை. பாதிக்கப்பட்டவர்கள் எங்களோடு கோபித்துக்கொண்டார்கள். பிறகு பொலிஸ் நிலையத்துக்குப் போனால் முறைப்பாட்டுப் புத்தகத்தில் "தனிப்பட்ட தகராறு" என்று பதிந்திருக்கிறார்கள்.

அந்த இரண்டு சொல்லைப் பார்த்த இடத்தில்தான் இந்த வேலை எதற்கு என்று எனக்கு விளங்கியது. மூன்று பேர் செத்தார்கள் என்ற கதை அடுத்த ஊருக்குப் போயிருந்தால் அங்கே இன்னொரு அலுவலகம் எரிந்திருக்கும். தனிப்பட்ட தகராறு என்ற பதிவு தனியே நின்றிருந்தால், அந்தத் தேர்தலில் அந்த இரவு நடக்கவே இல்லை என்றாகியிருக்கும். ஒரு பக்கம் பெருக்குகிறார்கள், மறுபக்கம் அழிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஆறு தையல் என்று எழுத ஒரு ஆள் வேண்டும்.

இப்போது நான் உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை எழுதுகிறேன்.

2005 நவம்பர் 17, ஜனாதிபதித் தேர்தல். யாழ்ப்பாணத்தில் ஒரு வாக்களிப்பு நிலையம் எனக்குத் தந்திருந்தார்கள். காலை ஏழு மணிக்குப் பெட்டியைத் திறந்து வெறுமையாக இருக்கிறது என்று காட்டி, முத்திரையிட்டு வைத்தார்கள். விரலுக்குப் பூசுகிற மைக் குப்பியைத் திறந்து வைத்தார்கள். உத்தியோகத்தர்கள் வரிசையாக இருந்தார்கள். எட்டு மணி, ஒன்பது மணி, ஒருவரும் வரவில்லை. பத்து மணிக்குப் பிறகு வெள்ளை வேட்டி கட்டிய ஒரு ஐயா சைக்கிளில் வந்தார். கேற்றடியில் ஒரு காலை ஊன்றி நின்று உள்ளே பார்த்தார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மத்தியானத்துக்கு மேல் மை காயத் தொடங்கியது என்று அந்தக் குப்பியை மூடி வைத்தார் உத்தியோகத்தர். நான்கு மணிக்குப் படிவத்தை நிரப்பினேன். வன்முறைச் சம்பவங்கள்: இல்லை. அச்சுறுத்தல்: இல்லை. வாக்காளருக்கு இடையூறு: இல்லை. கையெழுத்துப் போட்டேன்.

பொய் ஒன்றும் எழுதவில்லை. என் நிலையத்தில் ஒரு கூச்சல்கூடக் கேட்கவில்லை. தேர்தலைப் புறக்கணிக்கவேண்டும் என்று புலிகள் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டிருந்தது, மீறினால் என்ன நடக்கும் என்று எவருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. யாழ். மாவட்டத்தில் ஏழு இலட்சம் வாக்காளர்களில் வாக்களித்தவர்கள் 1.2 வீதம். நாடு முழுவதும் வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் இருந்த வித்தியாசம் ஏறத்தாழ 180,000 வாக்குகள். அந்தக் கணக்கை யாரும் எப்படியும் வாதிக்கட்டும். எனக்கு அந்த ஐயாவின் ஊன்றிய கால்தான் இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. என் படிவத்தில் அவருக்கு ஒரு வரிகூட இல்லை. வரிசையில் நின்று அடி வாங்கியிருந்தால் அவர் ஒரு சம்பவம் ஆகியிருப்பார். திரும்பிப் போனதால் ஒன்றுமே இல்லாமல் போனார்.

தெற்கிலும் இதுதான் நடந்தது. 1982இல் 81 வீதமாக இருந்த வாக்களிப்பு, வாக்களிப்பவர்களுக்குக் கொலை மிரட்டல் விடப்பட்ட 1988இல் 55 வீதத்துக்கு இறங்கியது. கொல்லப்பட்டவர்களை எண்ணலாம். வீட்டுக்குள் இருந்தவர்களை எந்தப் படிவத்தில் எழுதுவது? அதனால் மச்சான், சம்பவங்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டது என்று யாரும் சொன்னால் நான் முதலில் கேட்பது, அந்த ஊரில் எத்தனை பேர் வந்து வாக்குப் போட்டார்கள் என்பதைத்தான். சனம் திரண்டு வந்து சம்பவமும் இல்லையென்றால் மனம் குளிர்கிறது. 2024ஐ நான் நம்புவது அதனால்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2019 நவம்பர் 16, வாக்களிப்பு நாள் அதிகாலை. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம்கள், மன்னாரில் பதிவிலுள்ள தங்கள் வாக்கைப் போட நூறு பஸ்வரையில் புறப்பட்டார்கள். தந்திரிமலைப் பக்கம் தெருவில் டயர் எரித்து மறித்து, கல்லெறிந்து, துப்பாக்கியால் சுட்டார்கள். நல்லகாலம், ஆருக்கும் காயமில்லை. பொலிஸ் வந்து தடையை நீக்கினதும் பஸ்கள் திரும்பவில்லை, மன்னாருக்கே போயின. அது ஒரு "பாரிய சம்பவம்" என்று பதிவானது, சரிதான். ஆனால் அந்தப் பஸ்களுக்குள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தலை குனிந்திருந்த பெண்கள், பிறகும் போவோம் என்று சொன்னார்களே, அதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

நீதி கிடைக்குதா என்று கேட்பாய். தீவகத்து நாரந்தனையை உனக்கு ஞாபகம் இருக்கும். 2001 நவம்பர் 28, பிரசாரத்துக்குப் போனவர்கள் தாக்கப்பட்டு இரண்டு பேர் இறந்தார்கள். யாழ். மேல் நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தது 2016இல். கஹவத்தையில் 2015 ஜனவரி 5 அதிகாலை, எதிரணி வேட்பாளருக்கு மேடை கட்டிக்கொண்டிருந்தவர்கள்மீது சூடு, ஒருவர் இறந்தார். 2020 ஜூலை 31இல் மூவருக்கு மரண தண்டனை. ஐந்தாம் நாள் பொதுத்தேர்தல், அந்த மூவரில் ஒருவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் மூவரையும் விடுவித்தது. குற்றவாளி யார் என்று சொல்வது எங்கள் வேலை இல்லை, அதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் மேடைப் பலகையைத் தூக்கிக்கொண்டிருந்த ஒரு மனிசன் அந்தக் காலையில் சுடப்பட்டான் என்பதை எந்தத் தீர்ப்பும் மாற்றாது.

சரி, பிள்ளைக்கு. உடுப்பில் பச்சை, நீலம், சிவப்பு என்று கட்சி நிறங்கள் வேண்டாம், ஊர்க் கண் அதைத்தான் முதலில் பார்க்கும். கட்சிக்காரர் தருகிற தேத்தண்ணியையும் அவர்களுடைய வாகனத்தையும் மரியாதையாக மறுக்கச் சொல். தனியே எங்கும் போகக்கூடாது, போகிற இடத்தை ஒவ்வொரு தடவையும் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். பிரசாரக் காலத்தில் சுவரொட்டி ஒட்டுகிற இரவு நேரம்தான் சூடு கூடியது. எதிர்க்கட்சிக்காரர் மட்டும் மோதுவார்கள் என்று நினைக்கவேண்டாம். ஒரு கட்சிக்குள்ளேயே பிடித்த வேட்பாளரைக் குறிக்கும் விருப்பு வாக்கு வந்த நாளிலிருந்து ஒரே கட்சியின் இரண்டு வேட்பாளர்களின் ஆட்களும் ஒரே மதிலுக்காக மண்டையை உடைக்கிறார்கள். கடைசி 48 மணித்தியாலம் பிரசாரம் ஓய்ந்த அமைதிக் காலம் என்று சட்டம் சொல்கிறது. வீட்டுக் கதவைத் தட்டிக் காதுக்குள் சொல்லிவிட்டுப் போவது அந்த நேரத்தில்தான். முன்பு காதுக்குள், இப்போது வட்ஸ்அப்பில்.

பெண் பிள்ளை போவதில் உனக்குப் பயம். எனக்கு அது பெரிய நம்பிக்கை. இத்தனை வருஷமாக நான் வாசலில் நின்று, "ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்டால், "ஒண்டுமில்லை தம்பி" என்று ஆம்பிளைதான் பதில் சொல்லுவார். பின்னால் நிற்கிற மனிசி என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவா. உன் மகள் குசினி வரைக்கும் போகலாம். "உன்ர மகள் ரியூசனுக்கு எந்த ரோட்டால வாறவள் என்று தெரியும்" என்று எவனோ சொல்லிவிட்டுப் போனதை அந்த மனிசி அவளிடம் சொல்லுவா. அதைப் பொலிஸுக்குக் கொண்டுபோக அவா சம்மதிக்கமாட்டா. ஊருக்குள் இருந்து வாழவேண்டும் அல்லவா. பெயரை விட்டு, நாளையும் நேரத்தையும் மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் போதும். ஒரே தொகுதியில் அப்படி ஐந்து வரி சேர்ந்தால் தேர்தல் ஆணைக்குழுவிடம் கொண்டுபோய் வைத்து, அந்தப் பக்கம் வாக்களிப்பு நாளில் ஆள் கூட்டிப் போடச் சொல்லிக் கேட்கலாம். நாங்கள் கேட்டிருக்கிறோம், போட்டும் இருக்கிறார்கள்.

என்னிடம் 2005ஆம் ஆண்டுக் கொப்பி ஒன்று இருக்கிறது. படிவத்தில் எழுத இடமில்லாததை அன்றிரவு அதில் எழுதி வைத்தேன். சைக்கிள், வெள்ளை வேட்டி, பத்து மணி பத்து நிமிஷம். அதை அவளிடம் கொடுக்க விரும்புகிறேன். பயிற்சி வகுப்புக்கு யாழ்ப்பாணம் வருவாள் என்று எழுதியிருந்தாய், திகதியை மட்டும் அறிவி. ஸ்ரேசனுக்கு நானே போய்க் கூட்டிவருகிறேன். இங்கேயே தங்கட்டும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மச்சான்