ஏணியைப் பிடிக்க ஓர் ஆள்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படத்தை நானும் அம்மாவும் பார்த்தோம். கூடத்துச் சுவர் முழுவதற்கும் தனியாளாக வண்ணம் அடித்து முடித்திருக்கிறாய். மேல்விளிம்பு எங்கும் பிசகாமல் நூல் பிடித்தாற்போல் வந்திருப்பதை அம்மா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். என் கண் மட்டும் மூலையில் நிற்கும் மடக்கு ஏணியின் மீதே போயிற்று. அதன் இருபுறக் கால்களையும் இணைக்கும் குறுக்குக் கம்பி முழுதாக விரிந்து பூட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. உச்சித் தட்டில் உன் செருப்புத் தடம் வண்ணத்தோடு பதிந்திருக்கிறது.

உச்சித் தட்டும் அதற்கு அடுத்த படியும் நிற்பதற்கானவை அல்ல. அங்கே நிற்பவருக்குப் பற்றிக்கொள்ளவோ சாய்ந்துகொள்ளவோ எதுவும் இராது. கை எட்டவில்லையென்றால் இன்னும் உயரமான ஏணி வேண்டும் என்றுதான் பொருள். பெரியம்மா வீட்டுப் பரண் விஷயத்திலும் நீ இப்படித்தான் செய்தாய். அதை இப்போது கிளற வேண்டாம்.

அடுத்த வாரம் கூரையோரத்துச் சருகை எடுக்க ஏறப்போவதாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். இதுவரை அந்த வேலையை யார் செய்துவந்தார் என்று நான் கேட்கவில்லை. அதற்குச் சாத்தும் ஏணி வேண்டும். மடக்கு ஏணியை மடக்கியபடியே சுவரில் சாத்தி ஏறாதே, கால் வழுக்கிவிடும். ஏணி சாய்ந்திருக்கும் இடம் 12 அடி உயரமென்றால் அதன் கால் சுவரிலிருந்து 3 அடி தள்ளியிருக்க வேண்டும். எந்த உயரத்துக்கும் நாலில் ஒரு பங்கு என்பதே கணக்கு. அளவுநாடா இல்லையென்றால், ஏணியின் காலடியில் உன் கால்விரல் நுனி படுமாறு நிமிர்ந்து நின்று கைகளை நேரே நீட்டிப் பார்; உள்ளங்கை படியைத் தொட்டால் சாய்வு சரி. கூரையில் இறங்குவதாக இருந்தால் ஏணி கூரை விளிம்புக்கு மேல் 3 அடியாவது நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பி இறங்குகையில் பிடிக்க ஒன்றும் கிடைக்காது.

யாராவது ஒருவர் கீழே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள் பிடிப்பதைவிட ஏணியின் மேல்முனையைக் கயிற்றால் கட்டிவிடுவதுதான் உறுதி என்று நீ வாதாடுவாய், அதுவும் சரிதான். ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டுவதற்காக முதல் முறை ஏறும்போதே கீழே ஒருவர் நிற்க வேண்டியிருக்கிறதே, அதற்கு என்ன செய்வாய்? அலுவலகத் தோழியைக் கூப்பிடு, பக்கத்து வீட்டில் கேள். கேட்பது உனக்குக் கௌரவக் குறைவாகப் படும் என்பதும் எனக்குத் தெரியும். யாரும் வராத நாளில் சருகு அங்கேயே கிடக்கட்டும்.

ஏறும்போதும் இறங்கும்போதும் முகம் ஏணியைப் பார்த்தே இருக்க வேண்டும். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். ஆகையால் வாளியைக் கையில் தூக்கிக்கொண்டு ஏறாதே, மேலே போய்க் கயிற்றில் இழுத்துக்கொள். உன் தொப்புள் ஏணியின் பக்கச் சட்டத்தைத் தாண்டும் அளவுக்கு ஓரமாக எட்டாதே; இறங்கி ஏணியை நகர்த்துவது சோம்பலாக இருந்தாலும் நகர்த்து. உன்னுடையது அலுமினிய ஏணி, ஆகவே தலைக்கு மேல் போகும் மின்கம்பியிலிருந்து 10 அடிக்குக் குறையாமல் விலகியிரு. ஏணியை நிமிர்த்தும்போதுதான் அதன் நுனி கம்பியில் பட வாய்ப்பு அதிகம், எனவே தூக்குவதற்கு முன்பே அண்ணாந்து பார்த்துக்கொள். ஈரமான மர ஏணியிலும் மின்சாரம் பாயும் என்பதால் மரத்துக்கு மாறினால் போதுமென்று நினைக்காதே.

சிறுவயதில் நீ பயமில்லாமல் ஏறியதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான் நான், இப்போதும் எனக்கு அந்தப் பெருமை உண்டு. இருந்தாலும் கீழே ஆள் வேண்டும். நாங்கள் வரட்டுமா என்று அம்மா கேட்கச் சொல்கிறாள். ஏணி பிடிக்க மட்டுமென்றே வருகிறோம், வேறு எதுவும் கேட்க மாட்டோம்.

ஏணிக் கால்களின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா என்று கவிழ்த்துப் பார்த்து, படமெடுத்து எனக்கு அனுப்பு. அந்தப் படம் வரும்வரை கூரைப் பக்கம் போகாதே.

அன்புடன்,
அப்பா